லூதாங்கில் பதில் சொன்னவள்

வானத்தில் வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. அதற்குள் லூதாங் ஊர்க் கால்வாயின் இரு கரைகளிலும் ஜன்னல் பலகைகளை இழுத்துச் சாத்த ஆரம்பித்துவிட்டார்கள். குளிருக்குப் பயந்து என்றால் தெருப்பக்கத்துக் கதவுகளையும் அல்லவா சாத்தியிருக்க வேண்டும்? அவையெல்லாம் ஆவென்று திறந்து கிடந்தன. உள்ளே தொலைக்காட்சி ஓடியது, வாணலியில் பூண்டு சிவந்துகொண்டிருந்தது. தண்ணீரைப் பார்த்த ஜன்னல்கள் மட்டும், பாலத்தடியில் தொடங்கி ஒவ்வொரு வீடாக, டப் டப் என்று மூடிக்கொண்டு வந்தன. எதிர்வீட்டுப் பெண் பலகையை இழுக்கும்போது விடுதி மாடி ஜன்னலில் நின்ற பெய்ரோங்கைப் பார்த்தாள். நீயும் மூடு என்று கையால் ஜாடை காட்டினாள். பெய்ரோங் சிரித்துத் தலையாட்டினாள். மூடவில்லை.

அந்த ஜன்னலுக்காகத்தானே அவள் வந்திருந்தாள்! சூசோவில் ஒரு வாட்டர் ஹீட்டர் கம்பெனியில் குறை கேட்கும் வேலை அவளுக்கு. காலையில் காதில் கருவியை மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவாள். யார் கத்தினாலும், யார் திட்டினாலும், மணி அடித்த உடனே பதில் சொல்லியாக வேண்டும். குளிர்காலம் வந்துவிட்டால் ஊரில் பாதிப்பேர் குளிக்க முடியாத கோபத்தை அவள் காதில்தான் கொட்டுவார்கள். ஒரே ஒரு நாள், யாரும் கூப்பிடாத இடத்தில், தண்ணீரைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று பல மாதமாக ஏங்கிக்கொண்டிருந்தாள்.

“நம்ம வீட்டுக் குழாய்ல வராத தண்ணியா?” என்று புறப்படும்போது அவள் கணவன் வெய்மின் கிண்டலடித்தான். “நாளைக்கு தோங்ஜி ராத்திரி. ஞாபகம் இருக்கட்டும். நீ வரலன்னா உன் பங்கு அரிசி உருண்டையும் நாந்தான் தின்பேன்.”

“அம்மா வரலன்னா அம்மாவுக்குக் கிண்ணம் வைக்கணும்பா,” என்றாள் எட்டு வயது நிங்நிங். வருஷத்திலேயே நீளமான அந்த இரவில், வீட்டுக்கு வர முடியாதவருக்கும் ஒரு கிண்ணமும் ஒரு ஜோடிச் சாப்பாட்டுக் குச்சியும் மேசையில் வைப்பது அவர்கள் வழக்கம்.

“கிண்ணம் எதுக்கு, நானே வந்து உக்காருவேன்,” என்று மகளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வந்திருந்தாள்.

நாள் நன்றாகத்தான் போயிற்று. தோல் பளபளக்கும் பன்றிக்காலை ஒற்றை ஆளாகத் தின்று தீர்த்தாள். படகில் போனாள். மத்தியானம் வெட்கமில்லாமல் தூங்கினாள். இப்போது ஜன்னல் கட்டையில் முழங்கையை ஊன்றி, தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்து, கல்பாலத்தின் வளைவும் நீரில் தெரிந்த அதன் நிழலும் சேர்ந்து ஒரு முழு வட்டமாகி மெல்ல மங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிலக்கரிப் புகையும் பாசியின் வாடையும் ஈரக் கல்லின் வாடையும் கலந்து மேலே ஏறி வந்தன. அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

“ஆஹே... வீட்டுக்கு வாடி... ஆஹே...”

எதிர்க்கரைப் படித்துறையில், தண்ணீரைத் தொடும் கடைசிப் படியில், ஒரு கிழவி நின்றிருந்தாள். கையில் நீள மூங்கில் கழி. அதன் நுனியில் பஞ்சு வைத்துத் தைத்த சின்னச் சிவப்புச் சட்டை ஒன்று தொங்கியது. சட்டையைத் தண்ணீருக்கு மேல் மெல்ல ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டாள்.

பெய்ரோங்குக்கு இது தெரியும். ஏழு வயதில் நாய் துரத்திப் பயந்து, காய்ச்சலில் பிதற்றியபோது, அம்மா இப்படித்தான் அவளுடைய சட்டையை எடுத்துக்கொண்டு பயந்த இடத்துக்குப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சித்தி பின்னாலேயே நடந்து, ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் “வந்தாச்சு” என்று பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். கூப்பிட ஒருவர், பதிலுக்கு ஒருவர். அப்போதுதான் போன உயிர் திரும்பி வரும். அவர்கள் கிராமத்தில் பதில் சொல்ல ஆளில்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். சொல்லாமல் இருப்பதுதான் பாவம்.

இந்தக் கிழவிக்குப் பின்னால் யாரும் இல்லை.

“ஆஹே... வீட்டுக்கு வாடி...”

பேரப்பிள்ளைக்குக் காய்ச்சலோ என்னவோ, இத்தனை வீடு இருந்தும் ஒரு வாய் திறக்கவில்லையே என்று ஊர்மேல் அவளுக்குக் கோபம்கூட வந்தது. ஒரு கூப்பாட்டைப் பதிலில்லாமல் விட்டு அவளுக்குப் பழக்கமுமில்லை. வெளியே எட்டி, வாய்க்கு இருபுறமும் கையை வைத்து, தெளிவாக, பாசமாகச் சொன்னாள்.

“வந்தாச்சு!”

கழி நின்றது. சிவப்புச் சட்டை அசையாமல் தொங்கியது. கிழவி மெதுவாகத் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தாள். அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம். இத்தனை சந்தோஷத்தை ஒரு முகம் தாங்குமா என்று பெய்ரோங் நினைத்தாள். அவளும் கையசைத்தாள். படிக்கட்டுக்குக் கீழே தண்ணீர் களுக் என்று ஒருமுறை சத்தம் போட்டது.

விடுதியை நடத்தும் சுன் அக்கா வாயாடி. இரவுச் சாப்பாட்டில் மீன் துண்டுகளை பெய்ரோங்கின் கிண்ணத்தில் அள்ளி அள்ளி வைத்தபடி ஊர்க்கதையெல்லாம் பேசினாள். “தனியா வந்திருக்கீங்களே, வீட்டுக்காரர் விட்டாரா? என் வீட்டுக்காரரா இருந்தா நான் போனதே மூணு நாள் கழிச்சு, சோறு தீர்ந்தப்புறம்தான் தெரியும்.”

பெய்ரோங் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, “அந்த எதிர்ப்படித்துறைப் பாட்டி வீட்டுக் குழந்தைக்கு உடம்பு சரியில்லையா அக்கா? பாவம், பதில் சொல்ல ஆளே இல்ல. நான்தான் சொன்னேன்,” என்றாள்.

சுன் அக்காவின் குச்சியிலிருந்த மீன் மேசையில் விழுந்தது.

“என்ன சொன்னீங்க?”

“வந்தாச்சுன்னு.”

“ஜன்னலைச் சாத்தச் சொல்லலையா யாரும்? ஐயோ, நான் சொல்லியிருக்கணும். கடைக்குப் போன நேரத்துல...” அவள் எழுந்து போய் மாடிப்படியின் அடிக்கதவைச் சாத்தினாள். திரும்பி வந்தபோது குரல் தாழ்ந்துவிட்டது. “அது பேரப்பிள்ளை இல்ல தங்கச்சி. அந்த ஜின் அம்மாவோட மக, ஆஹேன்னு பேரு. இந்தப் படியில வழுக்கி விழுந்துச்சு. நான் அப்போ சின்னப் பொண்ணு, அது கூட விளையாடினவ. உடம்பு கிடைக்கவே இல்ல. அன்னிலேர்ந்து தினம் கூப்பிடுது. ஊர்ல ஒருத்தரும் பதில் சொல்றதில்ல.”

“எங்க ஊர்ல சொல்லுவாங்க...”

“உயிரோட படுத்திருக்கிற பிள்ளைக்குச் சொல்லுவாங்க. எங்க ஊர்லயும்தான் சொல்லுவோம். திரும்பி வர்ற உயிர் அந்த உடம்புல போய் உக்காந்துக்கும். இதுக்கு உடம்பு எங்க இருக்கு? வந்தா எதுல போய் உக்காரும்?”

அடுப்பில் ஏதோ கொதித்து வழிந்தது. இருவருமே எழவில்லை.

“ஒண்ணும் ஆகாது,” என்றாள் சுன் அக்கா கடைசியில், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. “நாளைக்கு முதல் பஸ்ல போயிருங்க. வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரரை விட்டு உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்க. பிள்ளைய பதில் சொல்லச் சொல்லுங்க. போதும்.”

அன்றிரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. மெத்தை ஈரமாக இருந்தது. நீரோரத்து வீடு, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். மாடிப்படி ஈரக்காலில் மிதித்ததுபோல ஒவ்வொன்றாக முனகியது. பழைய மரம், அப்படித்தான் இருக்கும். பாசி வாடை அறைக்குள்ளேயே, கட்டிலின் அருகிலேயே, மூச்சு விடும் தூரத்திலேயே இருந்தது. அதற்கு மட்டும் அவளுக்குச் சமாதானம் கிடைக்கவில்லை. விடியும் நேரத்தில் அசந்து தூங்கிப்போனாள்.

கண் விழித்தபோது முதல் பஸ் எப்போதோ போயிருந்தது. மத்தியானம் கழிந்த வெளிச்சம். ஆணியில் மாட்டியிருந்த அவளுடைய மஞ்சள் மழைக்கோட்டைக் காணவில்லை. அது தொங்கிய இடத்துக்கு நேர்கீழே தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது. செருப்பில் காலை விட்டாள். தொளதொள என்றது. நனைந்து நெகிழ்ந்துவிட்டது போலும் என்று வாரை இழுத்துக் கட்டிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பை நேற்றைவிடக் கனத்தது. கீழே யாரும் இல்லை. சுன் அக்கா பண்டிகைச் சாமான் வாங்கப் போயிருப்பாள்.

தெருவில் மூடுபனி. கல்பாலத்தில் ஏறினாள். நேற்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்து படம் எடுத்தாள். சுவர் அப்போது இடுப்பளவு இருந்தது. இப்போது அதன் மேல்விளிம்பு அவள் தோளுக்கு வந்தது. அவள் நின்றாள். கையை வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு படியையும் முழங்காலைத் தூக்கித் தூக்கி ஏற வேண்டியிருந்தது. ஏறினாள். இறங்கினாள். ஓடினாள்.

பஸ் நிலையத்தில் டிரைவர் பஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் படியில் காலை வைத்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

“ஏய் பாப்பா. தனியா எங்க கிளம்பிட்ட?”

“சூசோவுக்கு. டிக்கெட் குடுங்க.” சொன்ன குரல் அவள் காதுக்கே கீச்சென்று கேட்டது.

“வீட்டுல சண்டை போட்டுட்டு ஓடிவந்தியா? தோங்ஜி அன்னிக்கா? பெரியவங்க இல்லாம ஏத்த மாட்டேன், போ.”

“நான் பெரியவதான்! இங்க பாருங்க!” அவள் அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்தார். சிரித்தார்.

“உங்கம்மா கார்டா? சரியான வாலு நீ. இந்த அம்மா காலையில என் முதல் ட்ரிப்புலயே போயிட்டாங்களே. மஞ்சள் கோட்டு. தொப்பலா நனைஞ்சு வந்து உக்காந்தாங்க. எங்க போகணும்னு கேட்டதுக்கு வாயே திறக்கல. இறங்கினப்புறம் அந்த சீட்டைத் துடைச்சு எனக்குக் கையே ஓஞ்சுபோச்சு.” அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். “உன்னை விட்டுட்டா போனாங்க?”

பஸ் கண்ணாடியில் அவருக்குப் பக்கத்தில் ஒரு சிறுமி தெரிந்தாள். பெரியவர்களின் ஸ்வெட்டர் முழங்காலுக்குக் கீழே தொங்க, நெற்றியில் வெட்டிய முடியோடு, வாயைத் திறந்து நின்றாள். பெய்ரோங் தன் வாயை மூடினாள். அந்தச் சிறுமியும் மூடினாள்.

அவளுக்கு அப்போது வந்த எண்ணம் ஒன்றே ஒன்றுதான். நிங்நிங். தண்ணீரிலிருந்து வந்த அது, அவள் உருவத்தில் சூசோவுக்குப் போயிருக்கிறது.

வெய்மினைப் போனில் அழைத்தாள். “வெய்மின்! நான்தான்! வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?”

“யாரும்மா நீ? இது பெய்ரோங் நம்பராச்சே. போனைக் கண்டெடுத்தியா? பக்கத்துல யாராவது பெரியவங்க இருந்தா குடும்மா.”

அழைப்பைத் துண்டித்தாள். அழுதுகொண்டே எழுத்தில் அனுப்பினாள். விரலுக்குப் போன் பெரிதாக இருந்தது.

*பக்கத்து அறைப் பொண்ணு விளையாடிட்டா. தொண்டை கட்டியிருக்கு, பேச முடியல. வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?*

*யாரும் வரல. நீ எங்க? உருண்டை ரெடி. உன் பொண்ணு உனக்குக் கிண்ணம் வச்சு, அதுக்கு முன்னாடி நாற்காலியும் போட்டாச்சு.*

யாரும் வரவில்லை. காலையில் போனது இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. வழி தெரியவில்லையோ என்னவோ. நேரம் இருக்கிறது.

விடுதிக்கு ஓடினாள். சுன் அக்கா வாசலில் முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தாள். “அக்கா!” என்றதும் நிமிர்ந்தாள். அவள் முகம் வெளிறிப்போயிற்று. அன்றைக்குக் கூட விளையாடிய முகத்தை இத்தனை வருஷம் கழித்து, ஒரு வயதுகூடக் கூடாமல் பார்த்தால் யார் முகம்தான் வெளிறாது?

“ஆஹே,” என்றாள் சுன் அக்கா. சட்டி உருண்டது. கதவு அறைந்து சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

“நான் பெய்ரோங் அக்கா! நேத்து மீன் வச்சீங்களே! அக்கா!”

கதவு திறக்கவில்லை. பக்கத்துக் கதவு சாத்திக்கொண்டது. அதற்கடுத்தது. நேற்று ஆவென்று திறந்து கிடந்த தெருப்பக்கத்துக் கதவுகளெல்லாம் அவள் நடக்க நடக்கச் சாத்திக்கொண்டு வந்தன. வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது.

பாலத்தடியில் உட்கார்ந்தாள். பல் கிடுகிடுத்தது. ஒரு வழிதான் இருந்தது. சுன் அக்காவே சொன்ன வழி. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் என்னைத்தானே கூப்பிட முடியும்? சின்ன வயதில் அம்மா கூப்பிட்டு நான் வந்தேனே. வருவேன். இப்போதும் வந்துவிடுவேன். தட்டச்சு செய்தாள்.

*சிரிக்காத. ஏன்னு கேக்காத. வாசலைத் திறந்து வச்சு நின்னு என் பேரைச் சொல்லி வீட்டுக்கு வான்னு கூப்பிடு. நிங்நிங் வந்தாச்சுன்னு பதில் சொல்லணும். வீடியோவுல எனக்குக் காட்டு. உன் கால்ல விழறேன்.*

பிறகு போன் அதிர்ந்தது. அவள் தன் பக்கத்துக் கேமராவை விரலால் மூடிக்கொண்டாள். திரையில் அவளுடைய வீடு. மஞ்சள் விளக்கு, ஆவி பறக்கும் மேசை, மூன்று கிண்ணம். நிங்நிங்கின் முகம் திரை முழுக்க வந்து போயிற்று. போனைப் பிடித்திருப்பது அவள்தான். பெய்ரோங் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள்.

“அம்மா, அப்பா உன்ன லூசுங்கறாரு.”

“நான் எங்க சொன்னேன், மாட்டிவிடாதடி,” என்றான் வெய்மின். கதவைத் திறந்தான். வெளியே மாடிப்படி இருட்டாக இருந்தது. “பெய்ரோங், உனக்காகத்தான் இந்தக் கூத்து. பக்கத்து வீட்டுக்காரன் கேட்டா மானம் போகும். பாரு, இந்தத் தண்ணிய வேற யார் கொட்டினாங்கன்னு தெரியல. மத்தியானத்துலேர்ந்து நம்ம வாசலுக்கு நேரா ஈரம். துடைக்கத் துடைக்க வருது. யாரோ நனைஞ்ச துணியோட நிக்கிற மாதிரி.”

பெய்ரோங்கின் அழுகை நின்றது.

நேற்றுக் கூப்பிட்டது ஆஹேவின் பெயரை. பதில் சொன்னது அவள்.

அப்படியானால் அவள் பெயர். இப்போது. யாரிடம் போய்ச் சேரும்? வாசலில் நனைந்து நிற்பதிடம்தான்.

“கூப்பிடாத!” விரலை எடுத்துவிட்டுக் கத்தினாள். “வெய்மின், கூப்பிடாத! கதவைச் சாத்து!”

“பெய்ரோங்!” அவன் ஏற்கனவே இருட்டைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டான், சிரிப்பை அடக்கியபடி. “வீட்டுக்கு வா!”

“நிங்நிங், சொல்லாதடி! கண்ணு, சொல்லாத!”

“வந்தாச்சு!” என்றாள் நிங்நிங் உற்சாகமாக.

மாடிப்படியில் ஈரக்கால் சத்தம். ஒன்று. இன்னொன்று.

“அட! இங்கயா நின்ன? எங்களை ஏமாத்தவா இவ்ளோ டிராமா?” வெய்மினின் குரல். “ஏன் இப்படி நனைஞ்சிருக்க? கோட்டைக் கழட்டு முதல்ல.”

“அம்மா!” திரை குலுங்கியது. கூரை, விளக்கு, தரை. தரையில் ஈரக் காலடிகள் மேசைவரை போயின. “அம்மா, உன் கை ஏன் இவ்ளோ ஜில்லுனு இருக்கு? அம்மா, உன் போன்ல யாரோ ஒரு பொண்ணு அழுவுது.”

“நிங்நிங்! ஓடு! அது நான் இல்ல! நான் இங்க இருக்கேன்! ஓடுடி!”

மஞ்சள் கோட்டுக் கை ஒன்று போனை வாங்கியது. திரையில் பெய்ரோங்கின் முகம் வந்தது. அவளுடைய கண், அவளுடைய மூக்கு, கன்னத்து மச்சம். காதோரத்தில் ஒரு துளிப் பாசி ஒட்டியிருந்தது. அந்த முகம் அவளைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தது. பிறகு வாய் திறந்தது. தினம் நூறு பேருக்குப் பதில் சொல்லும் அவளுடைய ஆபீஸ் குரல், பதமாக, பொறுமையாக வந்தது.

“தப்பான நம்பர்மா. அழாத. வீட்டுக்குப் போ, உங்கம்மா தேடுவாங்க.”

அதன் பின்னால் நிங்நிங் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஈரக்கை மெல்ல நீண்டு குழந்தையின் தலையில் அமர்ந்தது. முடியிலிருந்து தண்ணீர் வழிந்து நெற்றியில் இறங்கியது. திரை இருண்டது.

“ஆஹே... வீட்டுக்கு வாடி...”

அவள் எழ நினைக்கவில்லை. கால்கள் எழுந்து படித்துறைக்கு நடந்தன. வாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பொத்திக்கொண்டாள். கைகளுக்குள்ளே வாய் அசைந்து, வந்தாச்சு என்றது. மூங்கில் கழி கல்லில் சாய்க்கப்படும் சத்தம் கேட்டது. கற்பூர உருண்டை வாடையோடு பஞ்சுச் சட்டை ஒன்று அவள் தோளில் விழுந்தது. கிழவியின் விரல்கள் கழுத்துப் பொத்தான்வரை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டன. கை நீளம் சரியாக இருந்தது. தோள் சரியாக இருந்தது.

“என் தங்கம்,” என்றாள் ஜின் அம்மா. அந்த முகத்தில் நேற்றுப் பார்த்த அதே சந்தோஷம். “வா. உனக்குக் கிண்ணம் வச்சிருக்கேன்.”

அவள் கையைப் பிடித்து, தண்ணீரை நோக்கிப் படி இறங்கினாள். மேலே, கால்வாயின் இரு கரைகளிலும், கடைசி ஜன்னலையும் சாத்திவிட்டார்கள்.